நிரூபன் போட்ட வெள்ளை வேலி

எனக்கு ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, தங்கச்சி. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வேன். சொல்லவே கூடாததை முதலில் கொட்டிவிடுவேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் கதைப்பதை ஒருவரும் இருந்து கேட்டதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது, பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று. நான் பிழையாகச் சொன்னால் நீங்கள் என் மகனைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள். அவன் நல்ல பிள்ளை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

உங்கடை மனிசன் வேலிப் பலகையை லொறியில் ஏற்றட்டும், நீங்கள் இந்தப் படியில் இருங்கோ. கையுறை போட்டுக்கொண்டு தூக்கச் சொல்லுங்கோ. குளிரில் இந்தப் பிளாஸ்ரிக் ஓரம் கத்தி மாதிரி வெட்டும். பலகை, மேல்சட்டம், கீழ்சட்டம் எல்லாம் இங்கே கிடக்கிறது, கம்பத்துக்கு வைக்கிற தொப்பி அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஒன்றும் விடாமல் ஏற்றுங்கோ. பாதியை இன்றைக்கு, மீதியைப் பிறகு என்று மட்டும் சொல்ல வேண்டாம். பின்னேரம் அவன் வேலையால் வந்துவிடுவான். கம்பங்கள் நிற்கட்டும். நிலம் உறைந்து கிடக்கிறது, பிடுங்க முடியாது. பலகை இல்லாமல் கம்பம் எதை மறைக்கப் போகிறது?

போட்டு ஒரு வருசம்கூட ஆகாத வேலியை ஏன் அக்கா இனாமாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். கேட்பது நியாயம்தான். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த வீட்டை என் மகன் நிரூபன் வாங்கியபோது இங்கே வேலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. இடுப்பளவில் ஒரு கம்பிவலை. இங்கே நின்றால் அடுத்த வீட்டில் என்ன கறி என்று தெரியும். அதோ அந்த நீலக் கதவு வீடு. அவள் பெயர் கம்லா. கயானா நாட்டுக்காரி. பார்த்தால் எங்கடை ஆள் மாதிரித்தான் இருப்பாள், நெற்றியில் குங்குமம்கூட வைப்பாள். ஆனால் ஒரு சொல் தமிழ் தெரியாது. எனக்கு அவளுடைய இங்கிலிஸ் தெரியாது. இவ்வளவு காலம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி நான் படித்த இங்கிலிஸ், யெஸ், நோ, சொறி. அவ்வளவுதான்.

அவள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று என் மருமகளைக் கேட்பாள்: "யூ ஓகே?" உடுப்புக் காயப்போடப் போனால், "யூ ஓகே?" குப்பை கொட்டப் போனால், "யூ ஓகே?" எங்கள் வீட்டில் ஓகே இல்லாமல் என்ன? வீடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, சூடு இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருமகள் பெயர் தர்சிகா. வவுனியாப் பிள்ளை. நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். கை சுறுசுறுப்பு, வாய் அடக்கம். ஆனால் கவனம் இல்லாத பெண். கதவில் இடிப்பாள். படியில் விழுவாள். வந்த முதல் மாரியில் அவளுடைய கண்ணுக்குக் கீழே நீலமாக வீங்கியிருந்தது. குசினி அலுமாரிக் கதவு பட்டது மாமி என்றாள். நான் போய் அந்தக் கதவைப் பார்த்தேன். அது அவளுடைய தலைக்கு மேலே இருக்கிறது. எப்படியடி பட்டது என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டால் ஒரு வீட்டில் சமாதானமாக இருக்க முடியாது.

நிரூபனுக்கு வேலையில் சரியான நெருக்கடி. வீட்டுக்கு வந்தால் சத்தம் பிடிக்காது. தகப்பனும் அப்படித்தான். அந்த மனிசன் செத்து எத்தனையோ வருசம். இன்றைக்கும் வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் நான் சட்டி மூடியை மெதுவாகத்தான் வைப்பேன். பழக்கம்.

போன வசந்தத்தில் ஒரு நாள் குசினி யன்னலால் பார்த்தேன். கம்லா வலைக்கு மேலால் கையை நீட்டித் தர்சிகாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கனநேரம் கதைத்தார்கள். தர்சிகா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்று பின்னேரமே நிரூபனுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? வீட்டுக் கதை வேலி தாண்டக் கூடாது.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டை நிறுத்தவில்லை.

"உவை எங்களைப் பாக்கினம் என்னம்மா?"

"அவள் நாள் முழுக்க உதிலைதான் நிக்கிறாள் ராசா."

"சரி. பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் பண்ணுறன்."

தர்சிகா அவனுடைய சாப்பாட்டுப் பீங்கானில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி பீங்கானில் பட்டு 'டிங்' என்றது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

வேலி போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்தானே, கூப்பிட்டால் ஒரு கிழமையில் போட்டுவிட்டுப் போவார்கள். அவன் விரும்பவில்லை. "வேறை ஆக்கள் என்ரை வளவுக்கை காலடி வைக்கக் கூடாது" என்றான். ரெலிபோனில் வீடியோ பார்த்துத் தானே படித்தான். லொறியில் பலகை வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று, ஒரு அழுக்கு இல்லை, ஆசுப்பத்திரிக் கட்டில் மாதிரி. நிலத்துக்குக் கீழே காஸ் குழாய் எதால் போகிறது என்று பார்த்து ஒருவன் வந்து புல்லில் மஞ்சள் கோடு கீறிவிட்டுப் போனான். அவன் வந்து போகும் வரைக்கும் தர்சிகா மேலே அறையில் இருந்தாள். நிரூபன் இருக்கச் சொன்னவன்.

நான் நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தேன். ஈசான மூலையில் முதல் குழி. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். ஊரில் வேலிக்குக் கதியால் தடி ஊன்ற ஒரு முழம் கிண்டினால் காணும். இங்கே இடுப்பளவு கிண்ட வேண்டும். இல்லாவிட்டால் மாரியில் நிலம் உறைந்து வீங்கிக் கம்பத்தைத் துப்பிவிடுமாம். அவன் கிண்டிய குழிகளைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரே வரிசையில், ஒரே அளவில், கறுப்பாக. ஆனால் நேர்த்தி என்றால் நேர்த்தி.

நான்தான் கம்பத்தைப் பிடித்தேன். சீமெந்து இறுகும் வரை ஆடாமல் பிடிக்க வேண்டும். மட்டம் பார்க்கிற கட்டையைக் கம்பத்தில் வைத்தால் அதற்குள்ளே ஒரு நீர்க்குமிழி ஓடும், அது நடுவில் நிற்க வேண்டும். "அசையாதையுங்கோ அம்மா. இன்னும் கொஞ்சம். கெட்டிக்காரி." என்னைக் கெட்டிக்காரி என்று அவன் சொன்னான், தங்கச்சி. வாழ்க்கையில் ஒருவர் சொன்னதில்லை. அந்தக் கோடையில்தான் என் பிள்ளை என்னோடு நின்று கதைத்தான். எனக்குக் கை மரத்துப்போகும், நான் சொல்ல மாட்டேன்.

பலகைகளில் நாக்கும் பள்ளமும் இருக்கிறது, பாருங்கோ. ஒன்றை மற்றதற்குள் இறக்கினால் 'சடக்' என்று பூட்டும். நடுவே ஒரு நூலும் போகாது. மேல்சட்டத்தை அழுத்தினால் அது கம்பத்துக்குள் போய்க் கொளுவும். நான் கீழே இருந்து நேர் பார்க்க, அவன் மேலே இருந்து இறக்குவான்.

ஒரு நாள் தர்சிகா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், அவனைப் பார்த்து இல்லை.

"மாமி, உந்த மூலையிலை ஒரு பொட்டு விடுவமே? கம்லா அன்ரி கறிவேப்பிலை கேட்டால் குடுக்கலாம்."

உங்களுக்குத் தெரியும்தானே, எங்கடை பக்கம் எவ்வளவு கோபதாபம் என்றாலும் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. தெருவில் ஏறாமல் பெண்கள் ஒரு வளவால் மற்ற வளவுக்குப் போய் வரலாம். ஆமிக்காரர் முன்பக்கப் படலையால் வந்தால் நாங்கள் பொட்டால் ஓடுவோம். நான் அப்படி ஓடியிருக்கிறேன், இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு. வேலி அடைக்கிறவன் அதை விட்டுத்தான் அடைப்பான், ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நிரூபன் சிரித்தான். "பொட்டு வேணுமெண்டால் நெத்தியிலை வையும்."

நானும் சிரித்தேன். தர்சிகாவும் சிரித்தாள். அவன் சிரித்தால் நாங்கள் சிரிப்போம்.

நான்தான் சொன்னேன்: "இது கனடா பிள்ளை. இஞ்சை ஆமி வாறேல்லை. பொட்டு என்னத்துக்கு?"

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றைக்கும் நான் சொன்னதில் பிழை இல்லை. இங்கே ஆமி வருவதில்லைத்தானே.

கடைசியாக வீட்டுப் பக்கத்தால் ஒரு படலை. அதற்கு ஒரு பூட்டு. திறப்பு அவனுடைய கார்த் திறப்போடு கோத்திருந்தது. முன்கதவு திறந்தால் அவனுடைய ரெலிபோனில் மணி அடிக்கும். வேலி முடிந்த அன்று நான் ஒரு கதிரையைக் கொண்டுபோய் நடு வளவில் போட்டுத் தேத்தண்ணி குடித்தேன். கம்லாவின் முகம் இல்லை. பின்வீட்டுச் சீனக் கிழவன் இல்லை. வானம் மட்டும். அப்பாடா என்றிருந்தது. யாரும் எங்களைப் பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு வளவுக்கு வெயில் வரவில்லை. கத்தரிக்கன்று நீண்டு வெளிறிப்போனது. தர்சிகா உடுப்புகளை நிலவறையில் காயப்போடத் தொடங்கினாள். அவளுடைய ரெலிபோன் விழுந்து உடைந்துவிட்டது. திருத்தித் தருகிறேன் என்று நிரூபன் வாங்கி வைத்தான், திருத்த நேரம் கிடைக்கவில்லை. நானும் அது நல்லது என்று நினைத்தேன், வீட்டில் சத்தம் குறைந்தது.

ஆனால் வேலி சத்தம் போடும், தங்கச்சி. வெயிலுக்கு அது வீங்கும், குளிருக்குச் சுருங்கும். அப்போது யாரோ விரல் முறிப்பது போல 'டக்' என்று கேட்கும். கொஞ்ச நேரம் இருக்காது. பிறகு வேறு இடத்தில் 'டக்.' காற்று அடித்தால் முழு வேலியும் முனகும். நான் முதலில் தர்சிகா என்று நினைத்து மேலே போய்ப் பார்த்தேன். சிலவேளை வேலிதான். சிலவேளை தர்சிகாதான்.

அவன் வேலைக்குப் போன பிறகு கம்லா அந்தப் பக்கத்திலிருந்து தட்டுவாள். இரண்டு தட்டு. தட்டிவிட்டு இருப்பாள். தர்சிகா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்பாள்.

"மாமி, நான் போய்த் தட்டட்டே?"

"நீ உன்ரை வேலையைப் பார்."

நான் அகப்பையை எடுத்துக்கொண்டு போய் வேலியில் ஓங்கி இரண்டு போடுவேன். போடி உன்னுடைய வேலையைப் பார்த்துக்கொண்டு என்று. உடனே அடங்கிவிடுவாள். அடுத்த நாள் திரும்பவும் தட்டுவாள். வெட்கம் கெட்ட மனிசி. அவள் இரண்டு தட்ட, நான் இரண்டு தட்ட, கோடை போய் இலை கொட்டி முடிந்தது. ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மேலே கொஞ்சம் சத்தமாக இருந்தது. நான் ரீவியைக் கூட்டி வைத்தேன், நாடகத்தில் அன்றைக்கு நல்ல கட்டம். அடுத்த நாள் தர்சிகா எழும்பி வரவில்லை, தலையிடி என்றாள். அன்றும் கம்லா தட்டினாள். அன்றும் நான் போய்த் தட்டிவிட்டு வந்தேன்.

மாரி வந்தது. பனி விழுந்து வேலியும் வெள்ளை, நிலமும் வெள்ளை, எது எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் தோய்ந்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், வேலியில் ஓர் இடம் திறந்து கிடக்கிறது. பலகைகளை உருவிப் பனியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறாள். அந்த அவதியிலும் அடுக்கியிருக்கிறாள் பாருங்கோ, அவ்வளவு ஒழுங்கான பிள்ளை. மேல்சட்டத்தைக் கழற்றக் குசினிக் கத்தி போதும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணி கொண்டுவந்தபோதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். கால் அடையாளம் நேரே கம்லாவின் கதவுக்குப் போனது. வீட்டுச் செருப்போடு போயிருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பலகைகளைத் தூக்கி ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கினேன். சடக், சடக் என்று. அவன் வந்து ஓட்டையைக் கண்டால் என்ன நினைப்பான்? கால் அடையாளத்தை விளக்குமாற்றால் கூட்டினேன்.

அவன் வந்தான். வீடு முழுக்கத் தேடினான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. இந்தப் படியில்தான் வந்து இருந்தான், நீங்கள் இருக்கிற இடத்தில். தர்சிகா எங்கேயோ பெண்களை வைத்துப் பார்க்கிற இடத்தில் இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. பொலிசுக்கு முறைப்பாடு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தளவில் நல்ல பெண்.

அடுத்த நாள் அவன் ஒவ்வொரு சட்டத்துக்கும் திருகாணி முறுக்கினான். நான் ஆணிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனி ஒருத்தரும் போகேலாது அம்மா."

"ஆர் ராசா போகப்போறது? நான் மட்டும்தானே இருக்கிறன்."

அவன் அடுத்த சட்டத்துக்குப் போனான். முறுக்கிக்கொண்டிருந்தான்.

தர்சிகா கூப்பிட்டால் நான் கதைத்துவிடுவேனாம், அதனால் என்னுடைய ரெலிபோனை அவன் எடுத்து வைத்தான். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் இந்தக் குளிருக்குள் போகத் தேவையில்லை என்றான். என்னுடைய நன்மைக்குத்தான். இந்தக் கை கதவில் நசிந்தது. இல்லை, ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றால், கதவைச் சாத்தியது அவன். என் கை அங்கே இருந்ததை அவன் காணவில்லை. அவனுக்கு நான் "கை, கை" என்று சொன்னது கேட்டிருக்காது.

ஒரு நாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. என் பிழைதான். அவன் எழும்பி வெளியே போய் வேலியை உதைத்தான். குளிரில் அது பிஸ்கற் மாதிரி உடைந்தது. கோபத்தை வேலியில் காட்டினால் நல்லதுதானே? ஆனால் அவன் வேலியைப் பார்த்து உதைக்கவில்லை, தங்கச்சி. யன்னலில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டு உதைத்தான்.

பிறகு கோபம் ஆறிவிட்டது. என்னைக் கூப்பிட்டான். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நடு வளவில் கொண்டுபோய் நிறுத்தினான். நான் அன்று தேத்தண்ணி குடித்த இடம்.

"அம்மா, இஞ்சை நிண்டு கத்தினால் வெளியிலை கேக்குமோ எண்டு பாப்பமே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"சும்மா, பகிடிக்கு. நான் றோட்டிலை போய் நிக்கிறன். நீங்கள் கத்துங்கோ."

"என்னெண்டு கத்துறது?"

"என்னெண்டாலும் கத்துங்கோ. என்ரை பேரைச் சொல்லிக் கத்துங்கோ."

படலையைத் திறந்து போனான். பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் நின்றேன். ஒரு தாய் நடுப்பகலில் வளவில் நின்று எப்படிக் கத்துவது? "நிரூ" என்றேன், சின்னதாக. பிறகு கொஞ்சம் பெரிதாக. பிறகு, எனக்கே தெரியாது, என் தொண்டையிலிருந்து வேறு ஒரு சத்தம் வந்தது. நான் அதை நினைத்துப் போடவில்லை. வேலி அதை வாங்கி எனக்கே திருப்பித் தந்தது.

அவன் வந்தான். முகம் நல்ல சந்தோசமாக இருந்தது.

"ஒண்டும் கேக்கேல்லை அம்மா" என்றான். என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டான். உப்புக் கூடிய அதே குழம்பை.

பகிடிக்குத்தான் செய்தான். ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போன பிறகு கம்லா தட்டினாள். தர்சிகா போன பிறகு அவள் தட்டியதே இல்லை. நான் அகப்பையை எடுக்கவில்லை. வெறுங்கையோடு போனேன். அவன் உதைத்து உடைத்த இடத்தில் அவளுடைய குளிர்ச்சப்பாத்துத் தெரிந்தது. அவள் குனிந்தாள். முகத்தில் பாதிதான் தெரிந்தது.

"யூ ஓகே?"

யெஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுதானே எனக்குத் தெரிந்த இங்கிலிஸ். "நோ" என்று வந்தது.

அவள் தன்னுடைய ரெலிபோனை ஓட்டைக்குள்ளால் நீட்டினாள். அவள் அந்தப் பக்கம் இங்கிலிஸில் சொல்ல, அது இந்தப் பக்கம் தமிழில் சொல்கிறது, புத்தகம் வாசிக்கிற மாதிரி. "நேற்று நான் ஒரு சத்தத்தைக் கேட்டேன். நான் என் வீட்டுக்குள் இருந்தேன். அது நீயா?" என்றது. நான் ஓம் என்றேன். றோட்டில் நின்றவனுக்குக் கேட்கவில்லை, வீட்டுக்குள் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. பிறகு அந்தப் போன் சொன்னது: "நான் ஒவ்வொரு நாளும் தட்டினேன். ஒவ்வொரு நாளும் பதில் தட்டு வந்தது. அந்தப் பெண் தட்டுகிறாள், அவள் நலமாக இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அதனால் நான் காத்திருந்தேன்."

போ என்று தட்டினேன் என்று ஒரு ரெலிபோனுக்கு நான் எப்படிச் சொல்வது?

பிறகு நிரூபனுடைய வேலைச் சாமான் பெட்டியை எடுத்து வந்து ஆணி கழற்றத் தொடங்கினேன். நசிந்த கை, முறுக்கப் பலம் இல்லை. ஆணித்தலை வழுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கம்லா தன்னுடைய பக்கத்தால் சுற்றி வந்தாள். படலையோ பூட்டு. அவள் வீட்டு ஏணியைக் கொண்டுவந்து வைத்து ஏறி, ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுக் குதித்தாள். அந்த வயதில்! மின்சாரத்தில் முறுக்குகிற சாமான் அவள் கையில் இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் மேல்மாடியிலிருந்து பின்வீட்டுச் சீனக் கிழவன் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய பக்கத்துப் பலகையும் ஆடத் தொடங்கியது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் தன்னுடைய பக்கத்தை அவன் தானே கழற்றினான். ஒவ்வொரு பலகையாக உருவ உருவ வெளிச்சம் வந்தது. பின்னேரத்துக்கு முன் வேலி முழுக்க நிலத்தில்.

கம்லா என் கையைப் பிடித்துத் தன்னுடைய வீட்டுக்கு இழுத்தாள். தர்சிகா இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று அந்தப் போன் சொன்னது. நான் போகவில்லை. பிள்ளை வேலையால் பசியோடு வருவான், ஆர் சோறு போடுவது? நீங்களும் அப்படித்தானே பார்க்கிறீர்கள், ஏன் போகவில்லை என்று. போகத் தேவையில்லை தங்கச்சி. சொல்கிறேன், கேளுங்கோ.

அவன் வந்தான். இது நேற்று. வளவுக்குள் வந்து நின்று நாலு பக்கமும் பார்த்தான்.

"ஆர் கழட்டினது?"

"நான்."

"ஆர் அம்மா கழட்டினது?"

"நான்தான் ராசா."

கை மேலே போனது. நான் கண்ணை மூடவில்லை, முதல் தடவையாக. அதனால்தான் கண்டேன். அவனுடைய கண் என்னைவிட்டுப் பக்கவாட்டில் போனது. கம்லா தன்னுடைய படியில் கோப்பிக் கோப்பையோடு நிற்கிறாள். சீனக் கிழவன் பனி தள்ளுகிற சவளில் சாய்ந்துகொண்டு நிற்கிறான், தள்ள அங்கே பனியே இல்லை. மற்றப் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலே போன கை அவனுடைய தலைமயிரைக் கோதியது. பிறகு கால்சட்டைப் பைக்குள் போனது. "ஹாய்" என்றான் அவர்களைப் பார்த்து. எவ்வளவு மரியாதையான பிள்ளை பாருங்கோ. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவனைப் போல ஒரு பிள்ளை இல்லை.

உள்ளே வந்து, தண்ணி குடித்து, மெதுவாகச் சொன்னான்: "சனிக்கிழமை திருப்பிப் போடுவம் அம்மா. நீங்கள்தான் கம்பத்தைப் பிடிக்கோணும்."

அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கம்லா படம் பிடித்து இன்ரநெற்றில் போட்டாள், இனாம் என்று. நீங்கள் வந்தீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவன் கேட்டால் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்கடை மனிசன் அந்தத் தொப்பிப் பெட்டியையும் எடுத்துவிட்டாரா? நல்லது. கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கோ, வழியில் ஒன்றும் விழக் கூடாது.

இன்றைக்குக் காலையில் அவன் கார் போன பிறகு வீட்டில் இருந்த யன்னல் சீலைகள் எல்லாவற்றையும் கழற்றினேன். குசினி, முன்னறை, மேலே படிக்கட்டு யன்னல், என்னுடைய அறை, எல்லாம். சுருட்டி வைத்தால் திருப்பிக் கொளுவிவிடுவான் என்று கத்தரிக்கோலால் நடுவாலே வெட்டினேன். குசினி மேசையை இழுத்து யன்னலோடு ஒட்டிப் போட்டேன். எல்லா அறைக்கும் லைற் போட்டு, சுவிச்சுக்கு மேலே ரேப் ஒட்டினேன். அவன் வந்ததும் அந்த மேசையில்தான் சோறு போடுவேன். கம்லாவுக்கு முகம் தெரிகிற கதிரையில் அவனை இருத்தி, நான் எதிர்க் கதிரையில் இருப்பேன்.